ஆண்டுக்கு ஒரு தொகுப்பு: அறிவியல் புனைகதையின் வேலியைப் பிடுங்கிய ஜூடித் மெரில்

1956-ம் ஆண்டு. அமெரிக்காவில் மருந்துக்கடை, ரயில் நிலையம், பேருந்து நிலையம் என எங்கே போனாலும் சுழலும் கம்பி ஸ்டாண்டில் மலிவு விலை பேப்பர்பேக் புத்தகங்கள் தொங்கும். அந்த வருடம் அங்கே புதிதாக ஒரு புத்தகம் வந்து உட்கார்ந்தது. முந்தைய ஆண்டில் பத்திரிகைகளில் வெளியான அறிவியல் புனைகதைகளிலும் ஃபேன்டஸி கதைகளிலும் மிகச் சிறந்தவற்றின் தொகுப்பு அது. முன்னுரை எழுதியவர் சினிமா மேதை ஆர்சன் வெல்ஸ். தொகுத்தவர் ஜூடித் மெரில். வயது 33. இரண்டு முறை விவாகரத்தானவர். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். கையில் பெரிய பணம் கிடையாது.

அடுத்த 12 ஆண்டுகளுக்கு அந்தத் தொகுப்பில் ஒரு கதை இடம்பிடித்தால் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. கூடவே சண்டையும் வந்தது. எது அறிவியல் புனைகதை, எது இல்லை என்று வாசகர்களும் எழுத்தாளர்களும் முட்டிக்கொண்ட சண்டை. அந்தச் சண்டைக்குக் காரணமானவர் பாதியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறு நாட்டுக்கே போய்விட்டார்.

யார் இந்த ஜூடித் மெரில்?

1923 ஜனவரி 21-ல் பாஸ்டன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பெயர் ஜூடித் கிராஸ்மேன். அப்பா இத்திஷ் மொழியில் எழுதுபவர், நாடகத்துறைக்காரர். ஜூடித் சிறுமியாக இருந்தபோதே அப்பா தற்கொலை செய்துகொண்டார். அம்மா வேலை தேடிக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போனார். 1930-களின் நடுவில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். பள்ளிப் பருவத்தில் முதலில் சியோனிச இயக்கம், பிறகு டிராட்ஸ்கியவாத இடதுசாரி அரசியல். அங்கேதான் முதல் கணவரைச் சந்தித்தார். 17 வயதில் கல்யாணம். 1942 இறுதியில் மகள் பிறந்தாள். பெயர் மெரில்.

ஆமாம், பின்னாளில் உலகம் அறிந்த அந்தப் பெயர் உண்மையில் மகளுடையது. எழுத ஆரம்பித்தபோது, பிறந்த வீட்டுப் பெயரும் வேண்டாம், கணவர் வீட்டுப் பெயரும் வேண்டாம் என்று மகளின் பெயரைத் தனக்குப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டார். அப்பா பெயரைப் பிள்ளை தாங்கும் உலகத்தில் பிள்ளையின் பெயரை அம்மா தாங்கியது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் கணவர் கடற்படைக்குப் போக, ஜூடித் நியூயார்க்கில் ஃபியூச்சரியன்ஸ் என்ற வாசகர் கூட்டத்தோடு சேர்ந்தார். வாசகர் கூட்டம்தானே என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். ஐசக் அசிமோவ், ஃபிரெடெரிக் போல், டொனால்ட் வோல்ஹைம், சிரில் கார்ன்ப்ளூத், டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ் எனப் பிற்காலத்தில் இந்தத் துறையையே ஆண்ட பலர் அதில் இருந்தார்கள். பெரும்பாலானோர் இருபதுகளில் இருந்த, காசில்லாத, வாய்ச்சண்டைக்கு அஞ்சாத பிள்ளைகள். ஆண்கள் கூட்டமும்கூட. அதில் தன் இடத்தை ஜூடித் பேசியே பிடித்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு விளையாட்டுக் கதைகள், துப்பறியும் கதைகள், கௌபாய் கதைகள் எல்லாம் எழுதினார். அவற்றில் சில ஆண் புனைபெயர்களில் வெளிவந்தன. இவ்வளவு சொல்லுக்கு இவ்வளவு சென்ட் என்று எண்ணிக் கொடுக்கும் பத்திரிகைகள் அவை.

முதல் அடி

1948 ஜூனில் அஸ்டவுண்டிங் பத்திரிகையில் அவருடைய முதல் அறிவியல் புனைகதை வந்தது. ஆசிரியர் ஜான் கேம்பெல், அன்றைக்கு இந்தத் துறையின் முடிசூடா மன்னர். கதையின் பெயரைத் தமிழில் ஒரு தாய்க்கு மட்டுமே என்பதுபோல் சொல்லலாம். அணு ஆயுதப் போர் நடக்கிறது. கதிர்வீச்சால் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறக்கின்றன. அப்படிப் பிறந்த குழந்தைகளை அப்பாக்களே கொல்லும் செய்திகள் வருகின்றன. ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. சில மாதத்திலேயே அழகாகப் பேசுகிறது, பாடுகிறது. தாயின் கடிதங்கள் முழுக்கப் பூரிப்பு. விடுப்பில் வீட்டுக்கு வரும் கணவர் குழந்தையைத் தூக்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. அதற்குக் கைகால்களே இல்லை. தாய்க்கு அது கடைசிவரை தெரியவில்லை. அல்லது, தெரிந்துகொள்ள அவள் மனம் விடவில்லை.

ஹிரோஷிமா முடிந்து மூன்றே வருடம் ஆகியிருந்த நேரம். அந்தக் காலத்துக் கதைகளில் அணுசக்தி என்றாலே விஞ்ஞானி, ராணுவ அதிகாரி, ராக்கெட். அதைத் தொட்டில் இருக்கும் அறைக்குள் கொண்டுவந்தவர் மெரில். பின்னர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த எக்காலத்துக்குமான கதைகளின் தொகுப்பிலும் இந்தக் கதை இடம்பெற்றது.

1950-ல் வந்த அவருடைய நாவலும் இதே பாதைதான். நியூயார்க் மீது அணுகுண்டு விழுகிறது. கதை நடப்பதோ புறநகரில் ஒரு குடும்பத்தலைவியின் வீட்டுக்குள். கணவர் வரவில்லை, பால் பாதுகாப்பானதா தெரியவில்லை, பிள்ளைகளை எங்கே வைப்பது புரியவில்லை. 1954-ல் இது தொலைக்காட்சி நாடகமாகவும் ஒளிபரப்பானது.

சரி, எழுத்தாளராகவே தொடர்ந்திருக்கலாமே? வாழ்க்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1948-ல் ஃபிரெடெரிக் போலைத் திருமணம் செய்தார். 1950-ல் இரண்டாவது மகள். சில ஆண்டுகளில் அதுவும் முறிந்தது. மகள் யாரிடம் வளர்வது என்பதில் சண்டை நீதிமன்றம் வரை போனது. 1950-களின் அமெரிக்காவில் தனியாக வாழும், காதலை மறைக்காத, எழுதிப் பிழைக்கும் ஒரு பெண்ணை நீதிமன்றம் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலையான வருமானம் இருப்பதாகக் காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. கதை எழுதி அனுப்பிவிட்டு, காசோலை வருமா வராதா என்று காத்திருப்பது அதற்கு உதவாது. தொகுப்பாசிரியர் வேலை கொஞ்சம் உதவும்.

ஆண்டுத் தொகுப்பு என்றால் என்ன? அது ஏன் தேவைப்பட்டது?

அன்றைய அமெரிக்காவில் அறிவியல் புனைகதை என்றால் பத்திரிகைதான். 1950-களின் தொடக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்துகொண்டிருந்தன. மட்டமான காகிதம், கண்ணைப் பறிக்கும் அட்டை. ஒரு மாதம் கடையில் இருக்கும். அடுத்த இதழ் வந்ததும் பழையது திரும்பிப் போய்விடும். அதோடு அந்த இதழில் இருந்த கதையும் போச்சு. சேகரிப்பாளர் வீட்டுப் பரணில் வேண்டுமானால் கிடைக்கும்.

இதற்கு விடையாக வந்ததுதான் ஆண்டுத் தொகுப்பு. ஒருவர் வருடம் முழுக்க எல்லா இதழ்களையும் படிப்பார். நல்லவற்றைக் குறித்துவைப்பார். ஒவ்வோர் எழுத்தாளரிடமும் மறுபதிப்பு உரிமை கேட்டுக் கடிதம் போடுவார். அவர்களுக்குச் சிறு தொகை கிடைக்கும். கதைக்கு முன்னால் ஒரு அறிமுகக் குறிப்பு, கடைசியில் அந்த ஆண்டைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பு. புத்தகம் நூலகத்துக்குப் போகும். கதை பிழைத்துக்கொள்ளும்.

இதை முதலில் செய்தவர் மெரில் அல்ல. எவரெட் பிளைலரும் டி.இ. டிக்டியும் 1949-லேயே இப்படி ஓர் ஆண்டுத் தொகுப்பைத் தொடங்கியிருந்தார்கள். மெரிலின் வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பிளைலரும் டிக்டியும் தேடியது பெரும்பாலும் அறிவியல் புனைகதை இதழ்களில். மெரில் தேடியது எல்லா இடத்திலும்.

முதல் தொகுப்பைப் பார்த்தாலே தெரியும். அசிமோவ், தியடோர் ஸ்டர்ஜன், டேமன் நைட் போன்ற துறை நட்சத்திரங்கள் இருந்தார்கள். கூடவே ஷெர்லி ஜாக்சன் இருந்தார். குடும்பப் பெண்களுக்கான ஓர் இதழில் ஜாக் ஃபின்னி எழுதிய கதை இருந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் ஆலன்கூட இருந்தார். ஸீனா ஹென்டர்சன், மில்ட்ரெட் கிளிங்கர்மேன் போன்ற பெண் எழுத்தாளர்களும் இருந்தார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே அட்டைக்குள் வைத்ததன் பொருள் எளிது. ராக்கெட் படம் போட்ட பத்திரிகையில் வந்தால்தான் அது அறிவியல் புனைகதை என்ற விதியை அவர் ஏற்கவில்லை.

தலைப்பிலேயே ஒரு தந்திரம். எஸ்-எஃப் என்ற இரண்டு எழுத்தைப் பெரிதாகப் போட்டார். எஸ் என்றால் சயின்ஸாகவும் இருக்கலாம், ஸ்பெகுலேட்டிவ் என்றும் இருக்கலாம். எஃப் என்றால் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி, ஏன் ஃபேபிள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் என்ற சொல்லை 1940-களிலேயே ராபர்ட் ஹைன்லைன் பயன்படுத்தியிருந்தார். அதை விரித்து, எல்லாருக்கும் இடம் இருக்கிற பந்தலாக ஆக்கியதில் மெரிலுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு உலகம் முழுக்கப் பதிப்பகங்கள் அந்தச் சொல்லைச் சர்வசாதாரணமாகப் போட்டுக்கொள்கின்றன.

மில்ஃபோர்டும் மாஃபியாவும்

1956-லேயே இன்னொரு வேலையும் நடந்தது. பென்சில்வேனியாவின் மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் மெரில், டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ் மூவரும் எழுத்தாளர் மாநாடு ஒன்றைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்கள் தங்கள் கதைகளை வட்டமாக உட்கார்ந்து வாசித்து, தயவுதாட்சண்யம் இல்லாமல் கிழித்துத் தொங்கவிடும் கூட்டம். பல எழுத்துப் பட்டறைகளுக்கு இதுவே முன்மாதிரி. பிடிக்காதவர்கள் இவர்களுக்கு மில்ஃபோர்ட் மாஃபியா என்று பெயர் வைத்தார்கள். தொகுப்பாசிரியர், விமர்சகர், எழுத்தாளர் எல்லாம் ஒரே ஊரில், ஒரே மேசையில் இருந்தால் புறத்தில் இருப்பவர்களுக்குக் கடுப்பு வராமல் என்ன செய்யும்? அந்தக் கடுப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

1957-ல் பத்திரிகைகளை நாடு முழுக்க விநியோகித்துவந்த அமெரிக்கன் நியூஸ் கம்பெனி தன் வியாபாரத்தை மூடியது. கடைக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல் பல கதை இதழ்கள் செத்துப்போயின. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. கதையில் மட்டும் இருந்த விண்வெளி, தினசரியின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் கதை இதழ்களே குறைந்தன. மறு பக்கம் பொதுப் பத்திரிகைகள் இந்த வகைக் கதைகளை வெளியிட ஆரம்பித்தன. மெரில் வலையை அகலமாக வீசியதற்கு ரசனை மட்டும் காரணம் அல்ல, மீன் இருந்த இடமே மாறிக்கொண்டிருந்தது.

வருடங்கள் போகப் போக வலை இன்னும் அகன்றது. 1966-ல் வந்த 11-வது தொகுப்பில் அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் இருந்தார். 1968-ல் வந்த 12-வது தொகுப்பில் வில்லியம் பரோஸ் இருந்தார். கதைகளுக்கு நடுவே மெரில் எழுதிய குறிப்புகளும் நீண்டுகொண்டே போய், ஒருவகையில் ஒரே கட்டுரை கதைகளுக்கு இடையில் ஓடுவதுபோல் ஆனது. ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்தது. விண்கலம் எங்கே, விஞ்ஞானம் எங்கே என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆண்டின் சிறந்த அறிவியல் புனைகதை என்று நம்பிக் காசு கொடுத்தவருக்குக் கனவு மாதிரி ஒரு கதை கிடைத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கடைசித் தொகுப்புகளில் சில கதைகள் புதுமைக்காகவே சேர்க்கப்பட்டவைபோல் இன்று படித்தாலும் தோன்றும்.

இதே நேரத்தில், 1965 முதல், டொனால்ட் வோல்ஹைமும் டெர்ரி காரும் போட்டித் தொகுப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய ஃபியூச்சரியன் கூட்டாளி வோல்ஹைம்தான்! விண்கலம் கேட்டவர்களுக்கு அங்கே அது கிடைத்தது.

லண்டன் போனது ஏன்?

1960-களின் நடுவில் பிரிட்டனில் ஒரு புது அலை எழுந்தது. மைக்கேல் மூர்காக் ஆசிரியராக இருந்த நியூ வேர்ல்ட்ஸ் இதழில் ஜே.ஜி. பாலர்ட், பிரையன் ஆல்டிஸ் போன்றவர்கள் வேறுமாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளி அண்டத்தை விட்டு மனதின் உள் அண்டத்துக்குப் போகும் எழுத்து. 1966-67-ல் மெரில் லண்டனிலேயே தங்கி அந்தக் கூட்டத்தோடு பழகினார். அதன் விளைவு, 1968-ல் வந்த பிரிட்டிஷ் கதைகளின் தொகுப்பு. அந்தப் புது அலையை அமெரிக்க வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதில் அதற்கு முக்கிய இடம் உண்டு. ஃபேன்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் இதழில் 1965 முதல் 1969 வரை அவர் எழுதிய புத்தக விமர்சனங்களும் இதே வாதத்தை மாதாமாதம் எடுத்துப்போயின.

ஆனா, 1968 என்பது இலக்கியச் சண்டை மட்டும் நடந்த வருடம் இல்லையே. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. மெரிலும் கேட் வில்ஹெல்மும் சேர்ந்து போருக்கு எதிராக எழுத்தாளர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். எதிர்த்தரப்பும் கையெழுத்து வாங்கியது. இரண்டும் பத்திரிகைகளில் விளம்பரமாக வந்தன. போர் வேண்டாம் என்ற பட்டியலில் மெரிலோடு அசிமோவ், ரே பிராட்பரி, உர்சுலா லெ குவின், ஃபிலிப் கே. டிக். போர் தொடரட்டும் என்ற பட்டியலில் ஹைன்லைன், ஜான் கேம்பெல். ஆமாம், இருபது வருடத்துக்கு முன் மெரிலின் முதல் கதையை வெளியிட்ட அதே கேம்பெல். இரண்டு விளம்பரங்களையும் வெளியிட்ட கேலக்ஸி இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? மெரிலின் முன்னாள் கணவர் ஃபிரெடெரிக் போல். சின்ன உலகம் அது.

அந்த ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. வெளியே திரண்ட போர் எதிர்ப்பாளர்களை போலீஸ் அடித்து நொறுக்கியது. இந்த நாட்டில் இனி இருக்க முடியாது என்று மெரில் முடிவெடுத்தார். 45 வயது. புத்தகப் பெட்டிகளோடு கனடாவின் டொரன்டோவுக்குக் கிளம்பினார். ஆண்டுத் தொகுப்பு 12-ம் எண்ணோடு நின்றது.

வாழ்க்கையின் உச்சத்தில் இருந்த ஒருவர், தன் பெயருக்கு மரியாதை தந்த ஒரே நிலையான வேலையை விட்டுப்போவது சுலபமா? தொகுப்பு வேலையில் அவர் களைத்திருந்தார் என்பதும் உண்மை. வருடம் முழுக்கக் குப்பையும் முத்துமாகப் படித்துத் தள்ளும் வேலை அது. தன் சொந்தக் கதைகளை அது தின்றுவிட்டது. 1950-களுக்குப் பிறகு அவர் எழுதிய புனைகதைகள் மிகக் குறைவு. மற்றவர்களின் கதைகளைக் காப்பாற்றியவர் தன் கதைகளை எழுதாமல் விட்டார். அவருடைய வாழ்க்கையில் உறுத்தும் கணக்கு இதுதான்.

தேர்வு இல்லாத கல்லூரி

டொரன்டோவில் அவர் போய்ச் சேர்ந்த இடம் ரோச்டேல் கல்லூரி. 18 மாடிக் கட்டிடம், மாணவர்களே நடத்தும் கூட்டுறவு விடுதி, தேர்வும் கிடையாது, வழக்கமான பாடத்திட்டமும் கிடையாது. ஹிப்பி காலத்தின் உச்சகட்டப் பரிசோதனை. 1975-ல் அது மூடப்பட்டது. மெரில் அங்கே எழுத்தும் பதிப்பும் சொல்லிக்கொடுத்தார். கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தப்பி எல்லை தாண்டி வந்த அமெரிக்க இளைஞர்களுக்கு உதவினார்.

1970-ல் அவர் செய்த காரியம்தான் இன்றுவரை நிற்கிறது. தன்னிடம் இருந்த சுமார் 5,000 புத்தகங்களையும் இதழ்களையும் டொரன்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை வைத்து ஸ்பேஸ்டு அவுட் லைப்ரரி என்ற பெயரில் ஒரு தனி நூலகம் பிறந்தது. போதையையும் விண்வெளியையும் ஒரே சொல்லில் கிண்டலாகக் கோத்த பெயர். பிற்பாடு அது மெரில் சேகரிப்பு என்று மாற்றப்பட்டது.

அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை. 1970-ல் ஜப்பானில் நடந்த சர்வதேச அறிவியல் புனைகதைக் கருத்தரங்குக்குப் போனார். ஜப்பானியக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர அங்குள்ள மொழிபெயர்ப்பாளர்களோடு வேலை செய்தார். கனடிய வானொலிக்கு ஆவணப்படைப்புகள் செய்தார். 1976-ல் கனடியக் குடியுரிமை பெற்றார். 1970-களின் கடைசியில் ஒன்டாரியோ தொலைக்காட்சி டாக்டர் ஹூ தொடரை ஒளிபரப்பியபோது, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் திரையில் தோன்றி அதைப் பற்றிப் பேசுவார். கலைந்த நரைமுடி, கரகரப்பான குரல். அந்தத் தலைமுறைக் கனடியக் குழந்தைகள் பலருக்கு அவர் தொகுப்பாசிரியர் அல்ல, டாக்டர் ஹூ பாட்டி.

1985-ல் மறுபடி ஒரு தொகுப்பு. பெயர் டெசராக்ட்ஸ். கனடிய எழுத்தாளர்களின் கதைகள் மட்டும். தொகுப்பாசிரியர்கள் மாறி மாறி அந்த வரிசை தொடர்ந்தது. அமெரிக்காவில் விட்ட வேலையைக் கனடாவில் ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவிலும் ஆண்டுத் தொகுப்பு மரபு ஓயவில்லை. வோல்ஹைம், டெர்ரி கார் இருவரும் பிரிந்து 1972 முதல் தனித்தனித் தொகுப்பு நடத்தினார்கள். 1984-ல் கார்ட்னர் டோஸ்வா தொடங்கிய தடித்த தொகுப்பு அவர் இறந்த 2018 வரை 35 பாகங்கள் வந்தது. அவை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருக்கும் நீண்ட ஆண்டுக் கணக்கெடுப்பு, கடைசியில் வரும் பாராட்டுக்குரிய மற்ற கதைகளின் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்தால் மெரிலின் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு பழைய வீட்டு வாசனை அடிக்கும்.

மெரிலின் 12 தொகுப்புகளையும் இன்று புதிதாக வாங்க முடியுமா? பழைய புத்தகக் கடைதான் கதி. காரணம் இந்த வகைப் புத்தகத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. ஒரு நாவலை மறுபதிப்பு செய்ய ஒருவரின் அனுமதி போதும். ஒரு தொகுப்புக்கு அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தாளரிடமும், இறந்திருந்தால் அவர் வாரிசுகளிடமும், திரும்பவும் உரிமை வாங்க வேண்டும். கதைகளைக் காப்பாற்ற வந்த புத்தகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போவது இப்படித்தான்.

1997 செப்டம்பர் 12-ல் டொரன்டோவில் மெரில் காலமானார். வயது 74. முடிக்காமல் விட்ட தன்வரலாற்றை அவருடைய பேத்தி எமிலி போல்-வியரி ஒலிநாடாக்கள், கடிதங்கள், குறிப்புகளிலிருந்து ஒட்டி முடித்தார். ஒரு தொகுப்பாசிரியரின் வாழ்க்கையே கடைசியில் தொகுக்கப்பட்டது. அந்தப் புத்தகம் 2003-ல் ஹியூகோ விருது பெற்றது.

டொரன்டோவின் காலேஜ் தெருவில், வாசலில் சிறகு முளைத்த வெண்கலச் சிங்கமும் கிரிஃபினும் காவல் நிற்கும் லில்லியன் ஸ்மித் கிளை நூலகத்தின் மூன்றாவது மாடியில் மெரில் சேகரிப்பு இருக்கிறது. 5,000-ல் தொடங்கியது இன்று சுமார் 80,000. சிறப்புச் சேகரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். அனுமதி இலவசம். 1950-களின் மட்டமான காகிதத்தில் அச்சான அந்தப் பழைய இதழ்களும் அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. அவர் தேர்ந்தெடுத்த கதைகளும் இருக்கின்றன, வேண்டாம் என்று தள்ளிய கதைகளும் இருக்கின்றன.